கிரிஸ்டல் கோப்பையில் எலுமிச்சைச் சாறு கொடுக்கலாமா? கண்ணாடி லெட்டும் பெட்ரோல் லெட்டும் ஒன்றா?

மயிலை_மாடவீதி (வியாழன், இரவு 9:12)

வணக்கம். கொலுவுக்கு முன்னால் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது மாமியாரின் பழைய கிரிஸ்டல் செட் கிடைத்தது. ஆறு கோப்பை, மூடி போட்ட ஒரு குடுவை. எண்பதுகளில் மாமனார் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாம். அடியில் ஒட்டிய தாள் இன்னும் உரியவில்லை. அதில் '24% பிபிஓ' என்று இருக்கிறது. பிபிஓ என்றால் லெட் ஆக்சைடு என்கிறாள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். சொன்ன கையோடு, 'இதில் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது' என்று சட்டமும் போட்டுவிட்டாள்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு இதில்தான் எலுமிச்சைச் சாறு கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். மாமியாரோ, 'நாங்கள் இத்தனை வருஷம் குடித்தோமே, என்ன ஆகிவிட்டது' என்கிறார். யார் பக்கம் நியாயம்? அப்புறம் இன்னொரு சந்தேகம். ஒரு காலத்தில் பெட்ரோல் பங்கில் 'அன்லெடட்' என்று தனியாக எழுதி வைத்திருப்பார்களே, அந்த லெட்டும் இந்த லெட்டும் ஒன்றுதானா? கண்ணாடியிலும் பெட்ரோலிலும் ஒரே உலோகத்துக்கு என்ன வேலை?

சுவரொட்டி (வியாழன், இரவு 9:30)

வாட்ஸ்அப் பல்கலைக்கழகம் திறந்தாச்சு. நாளைக்கு 'பென்சிலில் லெட் இருக்கிறது, பிள்ளைகளை எழுத விடாதீர்கள்' என்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்த ஆட்கள் நாம். நிம்மதியாக ஜூஸ் கொடுங்கள் மேடம்.

மண்ணும்_நெருப்பும் (வியாழன், இரவு 10:05)

சுவரொட்டி அண்ணே, பென்சிலில் இருப்பது கிராஃபைட். அது கரி, லெட் இல்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இங்கே பேச்சு லெட் எனப்படும் காரீயத்தைப் பற்றி. நீங்கள் சொன்ன இரண்டிலும் காரீயம் கிடையாது.

மேடம், நான் கிண்டி ஏ.சி. டெக்கில் செராமிக் படித்துவிட்டுக் கண்ணாடித் தொழிலிலேயே காலம் தள்ளுகிறவன். சாதாரணக் கண்ணாடிக்கு மூன்று சரக்கு: மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல். கிரிஸ்டலில் சுண்ணாம்பின் இடத்தை லெட் ஆக்சைடு பிடித்துக்கொள்ளும், சோடாவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாஷ். இதை முதலில் ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட். 1674-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஆரம்பகாலக் கண்ணாடிகள் கொஞ்ச நாளிலேயே உள்ளுக்குள் நுண்விரிசல் ஓடிப் பழுதாகின. லெட் ஆக்சைடைச் சேர்த்த பிறகுதான் அந்தக் கோளாறு தீர்ந்தது. 1676 முதல் தன் கோப்பைகளில் அண்டங்காக்கைத் தலை முத்திரை குத்தி விற்றார். பெயரிலேயே ரேவன் இருக்கிறதே.

காரீயம் என்ன செய்கிறது? ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 அளவில் இருக்கும். கிரிஸ்டலில் 1.55-ஐ ஒட்டித் தொடங்கி மேலே போகும். நிறங்களையும் நன்றாகப் பிரித்துக் காட்டும். வெட்டு விளிம்பில் வானவில் தெரிவது அதனால்தான். கண்ணாடி குறைந்த சூட்டிலேயே இளகும், கெட்டியாக நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் ஊதுகிறவருக்கு அவசரம் இல்லை. ஆறிய பிறகும் மிருதுவாக இருப்பதால் பட்டை தீட்டுவது சுலபம். எடையும் ஏறும். 1969-இல் வந்த ஐரோப்பிய விதிப்படி, 24 சதவீதம் லெட் ஆக்சைடு இருந்தால்தான் 'லெட் கிரிஸ்டல்' என்று பெயர் போட்டு விற்கலாம். 30 சதவீதத்தைத் தொட்டால் 'ஃபுல் லெட்'. உங்கள் மாமனார் வாங்கியது அந்த முதல் படியில் சரியாக நிற்கிற சரக்கு.

இனி உங்கள் கேள்வி. காரீயம் கண்ணாடிக்குள் தூளாகக் கலந்து கிடப்பதில்லை. சிலிக்கா வலைக்குள் ஆக்சிஜனோடு பிணைந்து நிற்கிறது. தொட்டால் கையில் ஒட்டாது, அலமாரியில் வைத்தால் காற்றில் வராது. புளிப்பு பட்டால் மட்டும் கதை மாறும். அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி உள்ளே நுழைந்து, காரீயத்தை மேற்பரப்பிலிருந்து வெளியே தள்ளும். 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கிரிஸ்டல் குடுவையில் நான்கு மாதம் வைத்திருந்த போர்ட் ஒயினில் காரீயம் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் வரை ஏறியிருந்தது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே அந்தக் குடுவையில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். கோப்பையில் தண்ணீர் ஊற்றி உடனே குடித்தால் இறங்கும் அளவு மிகக் குறைவு. எலுமிச்சைச் சாறுக்கு வேறு டம்ளர் எடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தண்ணீர்கூட இதில் வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள்.

மயிலை_மாடவீதி (வியாழன், இரவு 10:21)

நன்றி சார். மகள் இப்போது வீட்டில் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். தாள் ஒட்டாத மற்ற கண்ணாடிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டில் டம்ளர், கிண்ணம், ஊறுகாய் ஜாடி என்று எல்லாமே கண்ணாடி.

மண்ணும்_நெருப்பும் (வியாழன், இரவு 10:40)

கடையில் வாங்குகிற சாதாரண டம்ளர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. மைக்ரோவேவில் வைக்கிற போரோசிலிக்கேட் பாத்திரத்திலும் காரீயம் சேர்ப்பதில்லை. சன்னல் கண்ணாடியிலும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் ஓடுகிற செயின்ட் கோபேன் ஆலையில் தகடு வார்ப்பது உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல். அங்கேயும் காரீயத்துக்கு இடமில்லை.

கிரிஸ்டலுக்கு அடையாளம் எடை. அதே அளவு டம்ளரைவிடக் கை தாழும். விளிம்பை மெல்லச் சுண்டினால் மணிச் சத்தம் நீளும். ஆனால் பேரியம், துத்தநாகம் போட்டு லெட் இல்லாத கிரிஸ்டலும் இப்போது வருகிறது, அதுவும் ஓரளவு மணியடிக்கும். சந்தேகமாக இருந்தால் எக்ஸ் கதிரால் உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள சோதனைக்கூடத்தில் கொடுத்தால் பொருளை உடைக்காமலே சொல்லிவிடுவார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: டம்ளருக்கு வெளியே பூ, பொம்மை அச்சிட்ட வண்ணம். கண்ணாடி நல்லதாக இருக்கும், மேலே சுட்டு ஒட்டிய வண்ணத்தில் காரீயமும் காட்மியமும் இருக்கும். உதடு படுகிற விளிம்பு வரை அச்சடித்த பழைய டம்ளர்களைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

சுவரொட்டி (வெள்ளி, காலை 7:48)

எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. கண்ணாடியில் கால் பங்கு காரீயம். பெட்ரோலில் லிட்டருக்குச் சில்லறைக் கிராம். அப்படியிருக்க, பெட்ரோலை மட்டும் உலகம் முழுக்கத் தடை செய்தார்கள், கிரிஸ்டலை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள். பணக்காரன் வீட்டு விஷம் விஷம் இல்லையா?

மணலி_மாமா (வெள்ளி, காலை 10:15)

தம்பி கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. எனக்கு வேலை முழுக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பில். பெட்ரோலில் லெட் கலந்த காலமும் தெரியும், நிறுத்திய காலமும் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் கலந்தது காரீயத் தூள் இல்லை. டெட்ரா எத்தில் லெட் என்ற திரவம். நடுவில் ஒரு காரீய அணு, அதைச் சுற்றி நான்கு எத்தில் தொகுதிகள். அந்த எத்தில் போர்வை இருப்பதால்தான் உலோகம் பெட்ரோலில் கரைகிறது. அதே போர்வையால்தான் நம் தோலுக்குள்ளும் கரைந்து போகிறது. மூச்சிலும் போகும், நேராக மூளையைத் தாக்கும். ஆலைகளில் அதைக் கையாளும் இடத்துக்குத் தனி வேலி, தனி உடுப்பு, தனிக் கட்டுப்பாடு. பீப்பாயிலிருந்து ஊற்றக்கூட விடமாட்டார்கள், வெற்றிடம் போட்டு உறிஞ்சித்தான் கலப்பார்கள்.

1921 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் டேட்டன் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பெட்ரோலில் இதைக் கலந்தால் இன்ஜினில் 'நாக்கிங்' என்ற தட்டல் நிற்கும் என்று தாமஸ் மிட்க்லி கண்டுபிடித்தார். 1923 பிப்ரவரியில் அதே ஊரில் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் லெட் என்ற வார்த்தையே வராது, 'எத்தில்' என்று மட்டும் போட்டார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து ஐந்து பேர் இறந்தார்கள். மாதம் முடிவதற்குள் மிட்க்லி நிருபர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடம் அவரே காரீய நஞ்சால் படுத்து ஓய்வெடுத்தவர் என்பதை அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லவில்லை.

இதற்கு மாற்று இல்லாமலா இருந்தது? எத்தனால் கலந்தாலும் அதே வேலை நடக்கும் என்று மிட்க்லிக்கும் அவருடைய மேலாளர் கெட்டரிங்குக்கும் அப்போதே தெரியும். சாராயத்துக்கு யார் காப்புரிமை கொடுப்பார்கள்? அதோடு எத்தனால் பத்து, இருபது சதவீதம் வேண்டும். லெட் லிட்டருக்கு அரை கிராம் போதும். லாபம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருகிறேன். லெட் சிலிண்டருக்குள் எரிந்தால் லெட் ஆக்சைடு ஆகும். அது பிளக்கிலும் வால்விலும் படிந்து இன்ஜினையே கெடுக்கும். அதனால் கூடவே எத்திலீன் டைபுரோமைடும் எத்திலீன் டைகுளோரைடும் சேர்த்தார்கள். காரீயம் அவற்றோடு சேர்ந்து புரோமைடாகவும் குளோரைடாகவும் மாறும், இன்ஜின் சூட்டில் ஆவியாகும், சைலன்சர் வழியாக வெளியேறும். வெளிக் காற்றில் பட்டதும் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகும். கவனியுங்கள், இது தவறிப்போய் கசிந்தது இல்லை. காரீயம் உள்ளே தங்கக் கூடாது, தெருவுக்குப் போக வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. இன்ஜின் பிழைத்தது, தூள் ஊர் மேல் விழுந்தது.

நம் நாட்டில் முன்பு லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதி. நாளைக்குப் பத்து லிட்டர் குடிக்கிற ஒரு அம்பாசிடர் டாக்சி ஐந்தரை கிராம் காரீயத்தை எரிக்கும். அதில் பெரும்பகுதி புகையோடு வெளியே. மவுண்ட் ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கால் பங்கு இருந்தாலும் அது கண்ணாடிக்குள் நிற்கிறது. பெட்ரோலில் இருந்தது அரை கிராம்தான், ஆனால் அத்தனையும் நாம் மூச்சு விடுகிற உயரத்தில் இறைக்கப்பட்டது. சதவீதத்தை விட்டுவிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.

புதுப்பேட்டை_வால்வு (வெள்ளி, மதியம் 1:20)

மாமா சொன்னது சரி. நாக்கிங் என்றால் என்ன என்று மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் பட்டறை விஷயம்.

பிளக் பொறி போட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகப் பரவ வேண்டும். பரவுவதற்கு முன்பே, மூலையில் நசுங்கிக் கிடக்கிற மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்தால் அது நாக்கிங். ஆள் ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் 'டிங் டிங்' என்று கேட்குமே, அதுதான். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். எந்தப் பெட்ரோல் எவ்வளவு நசுக்கலைத் தாங்கும் என்பதற்கு அளவுதான் ஆக்டேன். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். லெட் கலந்தால் மட்டமான பெட்ரோலும் ஆக்டேன் ஏறும். கம்ப்ரஷனைக் கூட்டலாம், அதே இன்ஜினில் கூடுதல் பவர் எடுக்கலாம்.

இன்னொரு உபயோகமும் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் லெட் ஒரு மெல்லிய படலமாகப் படியும், இரும்பும் இரும்பும் நேராக மோதாது. அன்லெடட் வந்த புதிதில், 'வால்வு சீட் தேய்ந்து இன்ஜின் போய்விடும்' என்று அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் எல்லாம் அலறினார்கள். லெட்டுக்குப் பதில் ஊற்றுகிற மருந்து என்று குட்டி பாட்டில் விற்றே சிலர் காசு பார்த்தார்கள். ஊருக்குள் நாற்பதில் போகிற வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லோடு அடித்து விரட்டின வண்டிகளுக்குச் சீட் தேய்ந்தது உண்மை. ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் வளையம் அடித்துக் கொடுத்தால் முடிந்தது வேலை. பழைய புல்லட்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். அந்தக் கம்ப்ரஷனுக்கு இப்போது பங்கில் வருகிற பெட்ரோல் தாராளம்.

அண்ணாநகர்_ஆக்சிலரேட்டர் (வெள்ளி, மதியம் 2:02)

தாராளமா? எத்தனால் இருபது சதவீதம் கலந்து என் வண்டி மைலேஜைக் கொன்றுவிட்டார்கள். லெட் போய் இப்போது சாராயம். பழைய பெட்ரோலே தேவலை.

புதுப்பேட்டை_வால்வு (வெள்ளி, மதியம் 2:31)

மைலேஜ் குறைவது உண்மை அண்ணே. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் ரப்பர் ஊறிப் போவதையும் பார்க்கிறோம். அதற்காக லெட் தேவலை என்பது என்ன நியாயம்? ரப்பரை நூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாம்.

அண்ணாநகர்_ஆக்சிலரேட்டர் (வெள்ளி, மதியம் 2:40)

நூறு ரூபாயா? எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? எனக்கு ஆன பில்லைப் போடட்டுமா?

நெறியாளர் (வெள்ளி, மதியம் 3:00)

எத்தனால் சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய் பில் போடுங்கள். இங்கே காரீயம் மட்டும்.

மயிலை_மாடவீதி (வெள்ளி, மாலை 5:45)

மணலி மாமா, படித்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனது எண்பதுகளில், கச்சேரி ரோடு வழியாக. எப்போதுதான் நிறுத்தினார்கள்?

மணலி_மாமா (வெள்ளி, மாலை 6:30)

படிப்படியாகத்தான் அம்மா. 1994-இல் நான்கு பெருநகரங்களில் அளவை 0.15 கிராமாகக் குறைத்தார்கள். 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தாவில் விற்கிற புதிய கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம். அதோடு அன்லெடட் பம்ப் வந்தது. நீங்கள் பார்த்த பலகை அந்தக் காலத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க லெட் பெட்ரோல் கிடையாது. இப்போது இருக்கிற வரம்பு 0.005 கிராம், அதாவது சேர்ப்பது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை. பல நாடுகளில் லெட்டை எடுக்க முதல் நெருக்கடி குழந்தைகளால் வரவில்லை, கன்வர்ட்டரால் வந்தது. உள்ளே இருக்கிற பிளாட்டினத்தின் மேல் காரீயம் படிந்தால் கன்வர்ட்டர் செத்துவிடும். மனிதனுக்காகச் செய்யாததை இயந்திரத்துக்காகச் செய்தார்கள். அதற்கு முன்பே 1965-இல், பெட்ரோலும் தொழிற்சாலைகளும் காரீயத்தை உலகம் முழுக்கப் பரப்புகின்றன என்று அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் எழுதிவிட்டார். பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று 1956-இல் கணக்கிட்டுச் சொன்னவர் அவர்தான். அந்தக் கணக்குக்காகக் காரீயத்தை அளக்கப் போனவர், ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் காரீயம் ஒட்டியிருப்பதைக் கண்டு, இது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். தேடியதற்குப் பரிசாக ஆராய்ச்சிப் பணத்தில் கை வைத்தார்கள்.

உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். ஆனால் சின்ன பிஸ்டன் விமானங்களுக்குப் போடுகிற நீல நிற ஏவ்கேஸில் இன்னும் லெட் உண்டு. மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஜெட் விமானம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவது, அதில் இல்லை.

பிள்ளை_மருத்துவர் (வெள்ளி, இரவு 9:50)

நான் குழந்தை மருத்துவர். உங்கள் மாமியார் 'என்ன ஆகிவிட்டது' என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பெரியவர்களுக்குக் குறைந்த அளவில் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது, சிக்கலே அதுதான். உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்துவைக்கும், அங்கே பல பத்தாண்டு கிடக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் கரைந்து ரத்தத்துக்கு வரும். சிறு குழந்தைகளின் குடல், பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயதும் அதுதான்.

சென்னையிலேயே 3 முதல் 7 வயதுள்ள 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் இப்போது 3.5-ஐத் தாண்டினாலே வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அந்த ஆய்வில் காரீயம் கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் பதற்றமும் கவனக் குறைவும் கூடுதலாகத் தெரிந்ததாகப் பள்ளி ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தக் குழந்தைகளின் ரத்தம் எடுத்தது லெட் பெட்ரோல் ஒழிந்து ஐந்தாறு வருடம் கழித்து. காரீயம் மட்கிப் போகிற பொருள் இல்லை. சாலையோர மண்ணில் விழுந்தது அங்கேயே இருக்கும். பெயிண்ட், பேட்டரி உடைக்கிற இடம் என்று வேறு வழிகளும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உரிந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்வது உத்தமம்.

சுவரொட்டி (வெள்ளி, இரவு 10:30)

சரி, கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். அப்படியானால் லெட் கண்ணாடியை மொத்தமாக நிறுத்திவிட வேண்டியதுதானே? அழகுக்காக எதற்கு வம்பு?

கடலோரக்_கல்பாக்கம் (சனி, காலை 6:55)

அழகுக்கு வேண்டாம், ஆனால் உயிருக்கு வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் நின்று ஒரு சின்னக் கண்ணாடி வழியாக உங்களைப் பார்ப்பாரே, அது லெட் கண்ணாடி. அணுவில் 82 எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருப்பதால் எக்ஸ் கதிரையும் காமா கதிரையும் காரீயம் நன்றாகத் தடுக்கும். காரீயத் தகடும் தடுக்கும்தான், ஆனால் அதன் வழியாகப் பார்க்க முடியாது.

கல்பாக்கத்தில் இன்னும் பெரிய கண்ணாடிகள் உண்டு. 1985 முதல் இயங்கும் எஃப்பிடிஆர் என்ற சோதனை அணு உலையில் எரிந்து வெளிவந்த எரிபொருளை வெட்டிப் பார்த்துச் சோதிக்க 'ஹாட் செல்' என்ற அறைகள் இருக்கின்றன. உள்ளே மனிதன் போனால் திரும்ப முடியாத கதிர்வீச்சு. வெளியே நின்று இயந்திரக் கைகளால் வேலை செய்ய வேண்டும், கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும். இந்த மாதிரிச் சன்னல்களில் அடுக்கடுக்காகக் கனத்த கண்ணாடிப் பலகைகள். கனமான வகையில் எடையில் எழுபது சதவீதத்தை ஒட்டி லெட் ஆக்சைடு, அடர்த்தி 5.2. சாதாரணக் கண்ணாடி 2.5. பலகைகளுக்கு இடையே எண்ணெய் நிரப்பியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சம் பட்டுத் திரும்பிப் பிம்பம் மங்கிவிடும். கதிர்வீச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி பழுப்பாகும், நாளடைவில் இருண்டே போகும். அதைத் தடுக்க உள்பக்கப் பலகையில் சீரியம் சேர்ப்பார்கள். சீரியம் சேர்த்தால் லேசான மஞ்சள் வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள், துடைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

ரிச்சித்தெரு_சால்டர் (சனி, காலை 11:10)

எல்லாரும் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய டப்பா டிவி. உள்ளே எலக்ட்ரான் கற்றை திரையில் மோதும்போது எக்ஸ் கதிர் கிளம்பும். அது நம் மேல் படாமல் இருக்க, பிக்சர் டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் இருபது சதவீதத்துக்கு மேல் லெட் ஆக்சைடு. கழுத்துப் பகுதியில் இன்னும் கூடுதல். முன் திரையில் பேரியமும் ஸ்ட்ரான்டியமும், ஏனென்றால் அங்கே காரீயம் பழுப்பாகிவிடும். அளவைப் பொறுத்து ஒரு டியூபில் அரைக் கிலோ முதல் சில கிலோ வரை காரீயம் உண்டு. போர்டில் ஒட்டின பற்றாசிலும் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் அதுதான்.

2006-லிருந்து அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியே தமிழ்நாட்டில் கோடிக்கு மேல். எல்லாம் டப்பா டிவி. இப்போது எங்கே? செம்புக் கம்பிச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்து எடுத்துவிட்டு, கண்ணாடியை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். செம்புக்கு விலை உண்டு, லெட் கண்ணாடிக்கு எந்தக் காயலான் கடையிலும் விலை கிடையாது. முன்பெல்லாம் பழைய டியூபை உருக்கிப் புது டியூப் செய்வார்கள். எல்இடி வந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. மேடத்தின் ஆறு கோப்பையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இந்தக் குப்பையைப் பற்றித்தான்.

மண்ணும்_நெருப்பும் (சனி, மதியம் 12:25)

இதை வழிமொழிகிறேன். முழுக் கண்ணாடியாக இருக்கும் வரை அது மெதுவாகத்தான் கசியும். நொறுங்கித் தூளானால் மேற்பரப்பு பல மடங்கு கூடும். குப்பைமேட்டில் அழுகுகிற காய்கறியின் புளிப்பு நீரில் ஊறும். கிரிஸ்டல் குடுவையில் ஒயின் ஊற்றி வைத்த அதே வேதியியல், குடுவை மட்டும் கொடுங்கையூர்க் குப்பைமேடு அளவு.

மயிலை_மாடவீதி (சனி, மாலை 4:10)

எங்கள் மாடியில் ஒரு டப்பா டிவி இருக்கிறது, ஓடவில்லை. படியோரம் ஒரு பழைய இன்வெர்ட்டர் பேட்டரியும். காயலான் கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து விலை சொல்லிவிட்டுப் போனார். கொடுத்துவிடலாமா?

ரிச்சித்தெரு_சால்டர் (சனி, மாலை 4:35)

பேட்டரிக்காகத்தான் அவர் வந்திருக்கிறார், டிவி கூடவே போகும். இரண்டையும் கொடுக்காதீர்கள். பேட்டரி எடையில் பாதிக்கு மேல் காரீயம், அதனால் நல்ல விலை உண்டு. புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். 2022 விதிப்படி உற்பத்தியாளர் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். காயலான் கடை வழியாகப் போனால், எங்கோ ஒரு கொட்டகையில் அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். டிவிக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மின்கழிவு நிறுவனங்களின் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். போன் செய்தால் சிலர் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள். காசு எதிர்பார்க்காதீர்கள். முக்கியமாக, டியூப் உடையாமல் முழுதாகப் போக வேண்டும். மாடிப்படியில் இறக்கும்போது திரைப் பக்கம் நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு பேர் பிடியுங்கள், கனமெல்லாம் முன்பக்கம்தான்.

மயிலை_மாடவீதி (சனி, மாலை 4:50)

திங்கட்கிழமை பேட்டரிக் கடைக்குப் போன் செய்கிறேன். டிவிக்குப் பட்டியலை மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.